மூச்சுக் கணக்கு

பதினெட்டு வருஷமாக
இந்த ஊராட்சியின் தீர்மானப் புத்தகத்தை
நான்தான் எழுதுகிறேன்.
கூட்டத்துக்கு முந்தின ராத்திரியே
பாதி முடித்துவிடுவேன், பொய் சொல்வானேன்.
'விவாதிக்கப்பட்டது.'
'ஏகமனதாக ஏற்கப்பட்டது.'
இந்த இரண்டும் கைவசம் இருந்தால்
அஞ்செட்டி மலைகள் மொத்தத்தையும்
ஒரு பக்கத்தில் மடித்து வைத்துவிடலாம்.

மார்ச் இருபத்திரண்டு. தண்ணீர் தினம்.
பள்ளிக்கூடத்துப் புங்கமர நிழல்,
மேசைமேல் கடையில் வாங்கிய
இருபது லிட்டர் கேன்.
தலைவர் கமலாட்சி நாற்காலியில்,
மைக் அவர் வீட்டுக்காரர் கிட்டப்பாவின் கையில்.
கோரத்துக்கு நூறு பேர் வேண்டும்.
வந்தவர்கள் முப்பத்தொன்பது.
மிச்சம் அறுபத்தொரு பேர்
பெங்களூரில் சென்ட்ரிங் பலகை அடித்துக்கொண்டிருந்தார்கள்.
அவர்கள் கையெழுத்து
அவர்களைவிட எனக்கு நன்றாக வரும்.

ஆறாம் வார்டு ருத்ரம்மா எழுந்தாள்.
உச்சுக்கல் தொட்டி, இருளர் குடியிருப்பு.
பாதி கன்னடம், பாதி தமிழ்,
நடுவே இரண்டுக்கும் வாடகை தராத சில சொற்கள்.
நாலு வருஷமாக நிற்கும் தொட்டியில்
தும்பிதான் முட்டையிடப் பார்த்து ஏமாந்து போகிறது என்றாள்.
மோட்டாருக்கு மின்சாரம் இல்லை என்றாள்.
போன மாசம் ஊற்றில் யானை நின்றதையும்
குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்த மாதி
இன்னும் குடத்தை எடுக்கப் போகாததையும் சொன்னாள்.
பதினோரு மணிக் கூட்டத்துக்கு
எட்டு மணிக்கே மலையிறங்க வேண்டும்,
இருட்டுமுன் காட்டைக் கடக்க
இரண்டு மணிக்குக் கிளம்பியாக வேண்டும்,
அதனால் 'இதர பொருள்கள்' என்று நீங்கள் சொல்வதை
நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை என்றாள்.

எழுதினேன்:
'குடிநீர் குறித்து விவாதிக்கப்பட்டது.'

அவள் உட்காரவில்லை.
"எழுதினதப் படிங்க."
பதினெட்டு வருஷத்தில்
இதை யாரும் கேட்டதில்லை.
படித்தேன்.
"நான் பத்து மூச்சு பேசினேன்.
நீங்க அரை மூச்சுல முடிச்சுட்டீங்க.
மிச்சம் ஒன்பதரை எங்க?"

கிட்டப்பா மைக்குக்குள் சிரித்தார்.
ஒலிபெருக்கி அதை மரம்வரை கொண்டுபோய்
அங்கேயே விட்டுவிட்டு வந்தது.
யாரும் கூடச் சிரிக்கவில்லை.
கமலாட்சி என் பேனாவைப் பார்த்தார்.
மைக் இல்லாமலே சொன்னார்:
"எழுதுங்க சார். அவங்க சொன்ன மாதிரியே."

மூன்று பக்கம் ஆனது.
தும்பி, மாதி, குடம், எல்லாம்
அரசாங்கக் கோடு போட்ட தாளில்.

அடுத்த கூட்டம் உச்சுக்கல்லில், காலை எட்டுக்கு.
கை தூக்கச் சொன்னேன், முதல்தடவையாக.
ஆதரவு இருபத்திரண்டு, எதிர்ப்பு ஒன்பது,
எட்டுப் பேர் கையை மடியிலேயே வைத்திருந்தார்கள்.
'ஏகமனதாக' என்று ராத்திரியே எழுதியிருந்ததை அடித்தேன்.

மேலே 'எழுந்தாள்', 'என்றாள்' என்று போட்டிருக்கிறேன்.
கிட்டப்பாவுக்கு யோசிக்காமலே 'ர்' போட்ட கை.
ருத்ரம்மா எழுந்தார்.
ருத்ரம்மா சொன்னார்.

ஒரு சிக்கல்.
அறுபத்தொரு கள்ளக் கையெழுத்தையும் அடித்தால்
கோரம் போகும்,
கோரம் போனால் அவர் தீர்மானமும் போகும்.
விட்டால், அவர் வார்த்தையும்
என் திருட்டும் ஒரே முத்திரையின் கீழ் நிற்கும்.
போனில் கேட்டேன்.
கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.
"அடிச்சுடுங்க. மேல வந்து திரும்ப எண்ணுவோம்."

மே ஒன்று. அனுமதிக் கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை.
பெங்களூர் பஸ்ஸில் சிலர் வருகிறார்களாம்,
எத்தனை பேர் என்று தெரியாது.
யூரியா சாக்கில் சுற்றிய தீர்மானப் புத்தகம் தோளில்.
கமலாட்சி எனக்கு முன்னால் நடக்கிறார், செருப்பு கையில்.
மூச்சு வாங்குகிறது.
எண்ணிக்கொண்டே ஏறுகிறேன்.